கடல் சாமந்தி: பிளேடுக்கு முன்னும் பின்னும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு உப்புநீர்த் தொட்டிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வந்த கட்டுரை, கடல் சாமந்தியை (பாறையில் ஒட்டி வாழும், பூப்போலத் தோன்றும் கடல் விலங்கான அனிமோனை) இரண்டாக வெட்டினால் இரண்டு உயிர்கள் கிடைக்கும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டது. அந்த வரி பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிப் பிளேடைக் கையில் எடுப்பவர் இரண்டு உயிர்களுக்குப் பதிலாக ஒன்றுமில்லாமல் நிற்கவும், தொட்டியிலுள்ள மற்ற மீன்களையும் இழக்கவும் நிறைய வாய்ப்பு இருக்கிறது. வெட்டுவதே தவறு என்பது என் வாதமன்று. எந்த இனத்தை, எந்த உடல்நிலையில், எப்படிப்பட்ட தண்ணீரில் வெட்டுகிறோம் என்பதைச் சொல்லாமல் வெட்டச் சொல்வதுதான் தவறு என்கிறேன்.

கடல் சாமந்தியின் உடல், அறுபட்டாலும் தன்னைச் சீராக்கிக்கொள்ளும் ஆற்றலுடையது என்பது பழைய செய்தி. பிரெஞ்சுப் பாதிரியார் டிக்மார் இவ்வுயிர்களை அறுத்துப் பார்த்துச் செய்த சோதனைகளை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழ் 1773இலேயே வெளியிட்டது. எனினும் எல்லா இனங்களும் ஒன்றுபோல் மீள்வதில்லை. மீன் வளர்ப்போர் பபிள் டிப் அனிமோன் என்று அழைக்கும் இனம், யாரும் தொடாமலே நெடுக்குவாக்கில் தானாகப் பிளந்து இரண்டாகும் இயல்புடையது. அதை வெட்டும்போது, அது என்றேனும் செய்யக்கூடியதை நாம் முன்கூட்டிச் செய்கிறோம், அவ்வளவுதான். கம்பள அனிமோன் எனப்படும் பெரிய இனங்களுக்குத் தொட்டியில் இந்தப் பழக்கம் இல்லை. அவற்றில் கத்தி வைப்பதை வீட்டில் முயலக்கூடாது என்பதே என் கருத்து. (தொட்டிக்காரர்கள் களையென்று வெறுக்கும் ஐப்டேசியா என்ற சிறு அனிமோனோ நேர்மாறு: சுரண்டி எடுக்கப் போனால், பாதத்திலிருந்து சிதறிய துணுக்குகளே புதுச் செடிபோல் முளைத்து நிற்கும். வேண்டாததைப் பெருக்குவதற்கு மட்டும் பயிற்சி தேவையில்லை.)

கட்டுரையில் விடுபட்டவற்றுள் முதன்மையானது உயிரைத் தேர்ந்தெடுப்பது. வாய் இறுக மூடியிருக்க வேண்டும். பாதத்தட்டு (உடலின் அடிப்பகுதி) பாறையை விடாமல் பற்றியிருக்க வேண்டும். உணர்நீட்சிகள் இரையைத் தொட்டவுடன் ஒட்டிக்கொள்ள வேண்டும். நிறம் வெளுத்திருக்கக் கூடாது. இதன் திசுக்களுக்குள் வாழும் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசிகள் ஒளியைக்கொண்டு செய்யும் உணவில்தான் இவ்வுயிர் பெரும்பகுதி வாழ்கிறது. வெளுத்துப்போனது என்றால் அந்தப் பாசியை இழந்து பட்டினி கிடக்கிறது என்று பொருள். வாடிக் கிடக்கும் ஒன்றை, பாதியாவது பிழைக்கட்டும் என்று வெட்டுவோர் உண்டு. பட்டினி கிடக்கும் உடலில் புண்ணை ஆற்றும் வலு எங்கிருந்து வரும்? புதிதாக வாங்கி வந்ததையும் பல மாதங்கள் நன்றாகத் தின்று வளரும்வரை தொடக்கூடாது.

வெட்டும் வேலை சில நொடிகளில் முடிந்துவிடும். பாறையிலிருந்து பாதத்தை இழுத்துக் கிழிக்காமல், விளிம்பில் விரல் நுனியை மெல்லச் செலுத்தி, அது தானாக விட்டுக்கொடுக்கும்வரை பொறுத்திருப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். கையுறை அணிவது கட்டாயம், கண்ணுக்கும் காப்பு நல்லது. கொட்டும் செல்கள் வெட்டுபட்ட பின்னும் கொட்டும். தொட்டிக்கு வெளியே, தொட்டித் தண்ணீரிலேயே நனைத்த பலகையில் வைத்து, வாயின் நடுவே பாதம்வரை புதுப் பிளேடால் ஒரே அழுத்தில் வெட்ட வேண்டும். ரம்பம்போல் முன்னும் பின்னும் இழுத்தால் திசு நைந்துபோகும். இரு பாதியிலும் வாயின் ஒரு பகுதியும் பாதத்தின் ஒரு பகுதியும் இருந்தாக வேண்டும். வெட்டியவுடன் உடல் சுருங்கி, உள்ளிருந்து பழுப்பு நிற இழைகள் வெளியே தொங்கும். வழவழப்பான சளி கொட்டும். அந்தச் சளியோடு தொட்டியில் போடாமல், வேறொரு பாத்திரத்திலுள்ள உப்புநீரில் நன்றாக அலசிய பிறகே திருப்பிவிட வேண்டும்.

இதற்குப் பின்னால் வருவதுதான் உண்மையான வேலை. வெட்டுபட்ட பாதி, கிழிந்த பையின் விளிம்பை உள்ளே மடித்துச் சுருட்டுவதுபோலத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, ஓரத்தை ஓரத்தோடு ஒட்ட வைக்கிறது. சில நாட்களில் புண் மூடினாலும், வாய் மறுபடி வட்டமாகி இரையை விழுங்க வாரக்கணக்கில் ஆகலாம்; அதுவரை உணவு தருவது, செரிக்க இயலாத வயிற்றில் அழுகலை வைப்பதற்குச் சமம். பாதிகளைத் துளையுள்ள கூடையில், மிதமான நீரோட்டத்தில் தனியே வைக்க வேண்டும். திறந்தவெளியில் விட்டால் அவை நகர்ந்துபோய்ப் பம்பின் வாயில் சிக்கும்; அனிமோனில் குடியிருக்கும் கோமாளி மீன்களோ ஆறாத புண்ணின்மேல் உரசிக்கொண்டே இருக்கும். உப்பளவு ஆயிரத்துக்கு 35 பங்கு என்ற கடல்நீர் அளவை ஒட்டியும், வெப்பம் 25 முதல் 27 டிகிரி செல்சியசுக்குள்ளும் ஆடாமல் நிற்க வேண்டும். புரோட்டீன் ஸ்கிம்மரும் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) ஆக்டிவேட்டட் கார்பனும் (தண்ணீரின் மாசை உறிஞ்சும் கரி) ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நாள்தோறும் முகர்ந்து பார்ப்பது அருவருப்பாகத் தோன்றலாம். ஆனால் கூழாகி நாறத் தொடங்கிய துண்டை அன்றே எடுத்து எறியாவிட்டால், அதிலிருந்து கிளம்பும் அம்மோனியா தொட்டி முழுவதையும் கெடுத்துவிடும். அமைத்துச் சில வாரங்களே ஆன தொட்டியில் இதைச் செய்யக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இத்தனை தொல்லை எதற்கு என்று கேட்கலாம். கடல் சாமந்தி அற்பாயுள் கொண்டதன்று. ஸ்காட்லாந்தில் இயற்கையியலாளர் ஜான் டாலியல் 1828இல் கடற்கரையிலிருந்து எடுத்து வந்த ஒன்று, கைமாறிக் கைமாறிக் கண்ணாடிக் குடுவையிலேயே 1887வரை உயிரோடிருந்தது. அதற்குப் பாட்டி என்றே செல்லப்பெயர். இவ்வளவு நீண்டநாள் வாழக்கூடியதைப் பவளப்பாறையிலிருந்து பெயர்த்தெடுத்தால், அதை வீடாகக் கொண்ட கோமாளி மீனுக்கும் இடமில்லாமல் போகிறது. வீட்டுத் தொட்டியில் பெருகிய ஒன்று கைமாறும் ஒவ்வொரு முறையும், கடலிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டிய தேவை குறையும். இதற்காகவே வெட்டிப் பெருக்குவதை நான் ஆதரிக்கிறேன். ஆயினும் வெட்டிப் பெருகியவை அனைத்தும் ஒரே உயிரின் நகல்கள். பபிள் டிப்பில் ஆணும் பெண்ணும் தனித்தனி என்பதால், ஒரு தாயிடமிருந்து வந்த நூறும் ஒரே பாலாகவே இருக்கும், தமக்குள் இனம் சேர்ந்து முட்டையிட்டுப் பெருக இயலாது. கடலின் இழப்பைத் தொட்டி ஈடுசெய்துவிடும் என்று கட்டுரை தொனித்ததை இந்த அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கட்டுரையோடு வெளியான படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடல் சாமந்தி என்று அச்சிட்டிருந்தது, பொத்தான்களைப் பரப்பியதுபோல் பாறையில் படர்ந்திருந்த சோவாந்திட் கூட்டம்; அது கடல் சாமந்திக்கு உறவான வேறு உயிர். அவற்றுள் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கடுமையான நஞ்சு உண்டு. அவற்றை வெட்டியோ, பாறையோடு வெந்நீரில் போட்டோ நஞ்சேறி மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டு யாரேனும் அதில் பிளேடை வைக்குமுன், தாங்கள் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்