'எழுதியவர்' என்ற இடத்தில்

மதுரை

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

அன்று ராத்திரி நீ போனில் சொன்னதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் உட்கார்ந்து எழுதிய தொடரில் உன் பெயரே வரவில்லை என்று தெரிந்தால், அடுத்த ரயிலில் மும்பைக்குக் கிளம்பிவிடுவாள். "போகட்டும் விடும்மா, அடுத்ததில் பார்த்துக்கலாம்" என்று அன்றைக்கு நான் சொன்னேன் இல்லையா, அது தப்பு. முப்பத்தி நாலு வருஷம் பத்திரம் எழுதினவன் வாயிலிருந்து அது வந்திருக்கக் கூடாது.

சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாயே, ஞாபகம் இருக்கிறதா? நிலம் எவனுடையதோ, வாங்குகிறவன் எவனோ. ஆனால் கடைசிப் பக்கத்தில், சாட்சிகளின் கையெழுத்துக்குக் கீழே, எழுதியவர் என்று என் பெயரும் உரிமம் நம்பரும் இருக்கும். அது இல்லாமல் நான் ஒரு பத்திரத்தையும் உள்ளே அனுப்பியதில்லை.

போன வாரம் பூரா நூலகத்தில் ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர் டால்டன் ட்ரம்போ பற்றிப் படித்தேன். உனக்குத் தெரிந்த ஆள்தான். இருந்தாலும் கேள்.

லாஸ் ஏஞ்சல்ஸில் ராத்திரி முழுக்க பேக்கரி வேலை, பகலில் எழுத்து என்று பல வருஷம் ஓட்டியிருக்கிறார். பிறகு 1940களில் எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் வாரம் 3,000 டாலர், இல்லையென்றால் திரைக்கதைக்கு 75,000 டாலர் என்று ஒப்பந்தம். குளியல் தொட்டித் தண்ணீருக்குள் உட்கார்ந்து, குறுக்கே பலகையைப் போட்டுக்கொண்டு எழுதுவாராம். போட்டோ இருக்கிறது. வாயில் சிகரெட், பலகை மேல் காகிதம். நம் வீட்டில் நான் இப்படி உட்கார்ந்திருந்தால் உன் அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன்.

1947இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு, நீ கம்யூனிஸ்டா என்று கேட்டது. அவரும் இன்னும் ஒன்பது பேரும் பதில் சொல்ல மறுத்தார்கள். அந்த வருஷமே ஸ்டூடியோ முதலாளிகள் கூடி, இவர்களுக்கு இனி வேலை இல்லை என்று அறிவித்தார்கள். 1950இல் ஜெயில். வேலை இல்லை என்றது ஆளுக்குத்தான். எழுத்து அவர்களுக்கு வேண்டியிருந்தது. 'கன் கிரேசி' படத்துக்கு 3,750 டாலர் கொடுத்தார்கள். கணக்குப் போட்டுப் பார், பழைய ரேட்டில் இருபதில் ஒரு பங்கு. திரையில் வந்தது மில்லர்ட் காஃப்மன் பெயர். 'ரோமன் ஹாலிடே' கதை இயன் மெக்லெல்லன் ஹன்டர் என்ற நண்பர் பெயரில் போய், ஆஸ்கரும் அவருக்கே போனது.

1957 மார்ச்சில் நடந்தது இன்னும் கூத்து. 'தி பிரேவ் ஒன்' கதைக்காக ராபர்ட் ரிச் என்று ஆஸ்கர் மேடையில் கூப்பிட்டார்கள். ஆள் வரவில்லை. எழுத்தாளர் சங்கத்துக்காரர் ஒருவர் ஏறி, அவர் மனைவிக்குப் பிரசவ நேரம், ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொல்லிப் பரிசை வாங்கிக்கொண்டார். அப்படி ஒரு எழுத்தாளரே கிடையாது. தயாரிப்பாளர்களின் சொந்தக்காரப் பையன் பெயர் அது. எழுதியது ட்ரம்போ.

படிக்கிறவர்கள் இந்த இடத்தில் கைதட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்குக் கை வரவில்லை. பெயரில்லாமல் எழுதியதைப் பெரிய தவம் மாதிரி சொல்கிறார்கள். வக்கீல் செலவு, ஜெயில், வீட்டில் மூன்று பிள்ளைகள். மனுஷன் வேறு வழியில்லாமல் எழுதினார். இன்னொன்றும் உண்டு. யார் பெயர் திரையில் வரவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமைக்காக ஸ்டூடியோக்களோடு மல்லுக்கட்டிய அதே எழுத்தாளர் சங்கம், 1952இல், அந்த நாடாளுமன்றக் குழுவுக்கு முன்னால் போய்த் தன்மேல் குற்றமில்லை என்று நிரூபிக்காதவர் பெயரைத் திரையில் போடாமல் விட்டுவிடலாம் என்று ஒப்புக்கொண்டது. அதை இரண்டு தடவை படித்தேன். ஒரு ஷரத்து, அவ்வளவுதான். எத்தனையோ பேர் பெயர் அதில் போனது.

1960இல் 'ஸ்பார்ட்டகஸ்', 'எக்ஸோடஸ்' இரண்டிலும் அவர் பெயர் வெளிப்படையாக வந்தது. 'பிரேவ் ஒன்' ஆஸ்கர் சிலை கைக்கு வந்தது 1975இல். மறுவருஷம் போய்ச் சேர்ந்தார். 'ரோமன் ஹாலிடே' எழுத்தாளர் பட்டியலில் அவர் பெயரைச் சங்கம் சேர்த்தது 2011 டிசம்பரில். படம் வந்து 58 வருஷம் கழித்து! அதற்காகப் பாடுபட்டது இரண்டு பேருடைய மகன்களும், ட்ரம்போ மகன் கிறிஸ்டோபரும் ஹன்டர் மகனும். கிறிஸ்டோபர் அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார். பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

என் பேத்தி உன் பெயருக்காக மனுப் போட்டுக்கொண்டு அலைய வேண்டாம்மா.

ஒப்பந்தத்தை ஒரு பக்கமும் விடாமல் ஸ்கேன் செய்து அனுப்பு. இங்கிலீஷில் இருந்தால் என்ன, பத்திரம் பத்திரம்தான். எந்த இடத்தில் 'முதலானோர்' என்று போட்டு ஆளை அடித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த சீசனில் உன் பெயர் வரும் என்று அவர்கள் எழுதிக் கொடுக்கிற வரைக்கும் நீ ஒரு எபிசோடும் மெயிலில் அனுப்பாதே. எழுதி முடித்திருந்தாலும் உன்னிடமே இருக்கட்டும்.

அம்மா பருப்புப் பொடி கூரியரில் போட்டிருக்கிறாள். அவளிடம் பேசும்போது தொண்டை கட்டியிருந்தால் ஜலதோஷம் என்று சொல்லிவிடு.

அப்பா