ஓஷன் அவென்யூ வீட்டைப் பற்றி மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். தொலைபேசியில் பேசினால் “சரிம்மா, வைக்கட்டுமா” என்று முடித்துவிடுகிறாய் என்பதால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பக் குழுவில் ஒரு படத்தைப் போட்டுச் சற்று நேரத்தில் நீயே நீக்கிவிட்டாய். அதற்குள் நான் பார்த்துவிட்டேன், அப்பாவும் பார்த்துவிட்டார். தெருவுக்கு விலாவைக் காட்டி நிற்கும் பெரிய மாடி வீடு, அதன் முன்னால் சாலையோரத்தில் நீ. யாருடைய வீடு என்று அக்காவிடம் கேட்டேன். நியூயார்க் பக்கம் லாங் ஐலண்ட் தீவில் அமிட்டிவில் என்னும் ஊர், ஓஷன் அவென்யூ என்னும் தெரு, கொலை நடந்த வீடு என்றாள். அன்றிரவே கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

1974 நவம்பர் 13 விடியற்காலையில், 23 வயது மூத்த மகன் ரொனால்ட் டிஃபியோ, படுக்கையில் கிடந்த தாயையும் தந்தையையும், தம்பிகள் இருவரையும், தங்கைகள் இருவரையும் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றான். கடைக்குட்டிக்கு 9 வயது. மாலையில், தன் பெற்றோரை யாரோ சுட்டுவிட்டார்கள் என்று பக்கத்து மதுக்கடைக்கு ஓடிப்போய் அலறியவனும் அவனே. கடைசிவரை சிறைக்காவலிலேயே இருந்து 2021இல் இறந்தான். இவ்வளவுதான் அந்த வீட்டில் உண்மையாக நடந்தது. கொலை நடந்த மறு ஆண்டு, 1975 டிசம்பரில், அந்த வீட்டை 80,000 டாலருக்கு வாங்கிக் குடியேறிய குடும்பம், பேய் பிசாசு என்று சொல்லி 28 நாளில் வெளியேறியது. அதை வைத்துப் புத்தகம் வந்தது, 1979இல் படமும் வந்தது. மதுப் புட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு தானும் அந்தக் குடும்பமுமாகச் சேர்ந்து இட்டுக்கட்டிய கதை அது என்று, கொலைகாரனுக்காக வாதாடிய வக்கீலே பிற்பாடு சொல்லிவிட்டார். அதன்பின் அங்கே குடியிருந்தவர்கள் எந்தப் பேயையும் பார்க்கவில்லை. அவர்களுக்குத் தொல்லையாக வந்தது வேடிக்கை பார்க்கும் ஜனம்தான். அதற்குப் பயந்து, கண்களைப் போல் தெரிந்த மாடி ஜன்னல்களையும் மாற்றினார்கள், வீட்டின் கதவிலக்கத்தையும் மாற்றினார்கள். அப்படியும் தேடிக் கண்டுபிடித்துப் போய் நின்றிருக்கிறான் என் பிள்ளை.

சாலையில்தான் நின்றேன், உள்ளே கால் வைக்கவில்லை என்பாய். நீ வைத்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் நம் தெருக்கோடி வீட்டை நினைத்துப் பார். அந்தச் சம்பவத்துக்கும் பிறகு குடிவந்தவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தும் பேருந்திலிருந்து இறங்கி “எந்த வீடு, எந்த வீடு” என்று கேட்டுக்கொண்டே வருகிறவர்களுக்கு அஞ்சி, அந்த வீட்டு அம்மாள் இருட்டோடு இருட்டாகக் கோலத்தைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். நீயும் உன் சிநேகிதர்களும் அந்தத் திண்ணைப் பக்கம் போனதற்கு அப்பா கண்டித்தது உனக்கு மறந்திருக்காது. அது வேற்று தேசம். யாராவது போலீஸைக் கூப்பிட்டால் உன் விசா என்ன ஆகும்? அங்கே வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கும் என்று நீதானே சொன்னாய்? இனி அங்கே போகாதே.

உன்னைக் குறை சொல்லவே எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அப்பாவின் கண் சிகிச்சைக்கு நீ யாரும் கேட்காமலே பணம் அனுப்பியதை இன்றும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு ஒருமுறை போய் வா என்றால் விடுமுறை நாளில் துணி துவைக்கவே நேரம் போதவில்லை என்கிறாயே, அந்தக் கோயிலும் அதே தீவில்தானே இருக்கிறது? கீழே உணவகத்தில் தோசையாவது கிடைத்திருக்கும். அமிட்டிவிலுக்கு மட்டும் எப்படி நேரம் வந்தது?

இன்னொன்று. அந்த மகனுக்கும் தகப்பனுக்கும் ஓயாத சண்டை என்று படித்தேன். தகப்பன் முன்கோபி, கை நீட்டுகிறவர் என்றும் எழுதியிருந்தது. அந்த இடம் வந்தபோது அப்பாவும் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். நான் எதையும் எதனோடும் முடிச்சுப் போடவில்லை. வயல் விஷயத்தில் அவர் சொன்ன சொல்லை நான் அன்றும் சரியென்று சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. ஆனால் நீ அந்தப் படத்தை ஏன் போட்டாய், போட்டதை ஏன் நீக்கினாய் என்று அவர் என்னிடம் இருமுறை கேட்டுவிட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பொழுது போகவில்லை, பார்த்துவிட்டு வந்தேன் என்று அவருடைய எண்ணுக்கே ஒரு வரி அனுப்பினால் உனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

மறுபடியும் சொல்கிறேன், அங்கே போகாதே. இருட்டிய பிறகு அதுபோன்ற எந்த இடத்துக்கும் போகாதே. அந்தப் படத்தை எடுத்தது யார் என்று மட்டும் எழுது. கூட ஒருவர் இருந்தார் என்று தெரிந்தால் எனக்கு அதுவே போதும்.

இப்படிக்கு,
அம்மா