சேசிஸ் தகட்டில் உப்புத்தாள் படக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைப் புதுப்பிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை இன்ஜின் வேலையையும் டிங்கரிங்கையும் நன்றாக விளக்கியிருந்தது. ஆனால் சேசிஸ் நம்பர் தகட்டை, அதாவது காரின் அடையாள எண் பதித்த சிறு உலோகத் தகட்டைப் பற்றி அதில் ஒரே வரிதான்: உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி வார்னிஷ் அடிக்க வேண்டுமாம். அந்த வரியை நம்பி யாரும் தகட்டைக் கெடுத்துவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்தக் காலத் தகடுகள் பெரும்பாலும் மெல்லிய அலுமினியம். இன்னும் பழையவை பித்தளை. கம்பெனி பெயரும் கட்டங்களும் தகடு செய்யும் இடத்திலேயே பதிந்து, வண்ணம் ஏறி வந்துவிடும். எண்ணை மட்டும் கார் தயாரான பிறகு தொழிற்சாலையில் பஞ்ச் (இலக்கம் செதுக்கிய எஃகு அச்சு) வைத்து அடிப்பார்கள். அதனால்தான் இலக்கங்களின் பள்ளத்தில் வண்ணம் இருக்காது; ஒன்று ஆழமாகவும் ஒன்று லேசாகச் சாய்ந்தும் நிற்கும். அசல் தகட்டை அடையாளம் காட்டுவது இந்த ஒழுங்கின்மைதான். அலுமினியத்தின் மேல் மின்சாரம் பாய்ச்சி உருவாக்கும் அனோடைஸ் என்ற பாதுகாப்புப் பூச்சு அதிகம் போனால் 25 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. உப்புத்தாளால் சில இழுப்பு இழுத்தாலே அது போய்விடும். கூடவே இலக்கங்களின் விளிம்பும் மழுங்கும். பிறகு எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து பென்சில் பிரிண்ட் எடுத்தால் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது.

2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு ‘விஏ’ எழுத்துகளோடு தனிப் பதிவெண் கிடைக்கிறது. அப்படிப் பதிய நினைப்பவருக்கு மழுங்கிய எண் வீண் தலைவலி.

சுத்தம் செய்யும் முறை எளிது. முதலில் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து, பென்சில் பிரிண்டும் எடுத்து வையுங்கள். அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் நான்கைந்து சொட்டு போதும். பழைய மென்மையான டூத்பிரஷால் ஓரத்தில் கொஞ்சம் தேய்த்துப் பார்த்து, துணியில் வண்ணம் ஒட்டவில்லை என்றால் தொடருங்கள். ஆயில் பிசுக்குக்கு மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ பஞ்சில் தொட்டுத் துடைத்து, உடனே சோப்பு நீரால் எடுத்துவிட வேண்டும். தின்னரும் அசிட்டோனும் பழைய செல்லுலோஸ் வண்ணத்தை நொடியில் கரைத்துவிடும். தகட்டின் மேலேயே அடித்துவிட்ட பெயின்டைப் பல்குச்சியாலோ சீவிய மூங்கில் குச்சியாலோ பொறுமையாகச் சுரண்டுவதுதான் வழி. இதற்கு ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை.

பித்தளைத் தகட்டைக் குத்துவிளக்குபோலப் புளியும் உப்பும் போட்டுத் துலக்குகிறார்கள். இது பெரிய தவறு. புளியின் அமிலம் மேற்பரப்பிலுள்ள துத்தநாகத்தைத் தின்பதால் பித்தளை செம்பு நிறமாகிறது. பள்ளங்களில் தங்கும் உப்போ பிறகும் அரித்துக்கொண்டே இருக்கும். அலுமினியத்துக்கு எதிரி காரம்: சலவைச் சோடாவும் காஸ்டிக் சோடாவும் அனோடைஸ் பூச்சைக் கரைத்துவிடும்.

பின்பக்கம் துரு ஊதித் தகடு வளைந்திருந்தால் ஒழிய அதைக் கழற்றவே வேண்டாம். தகட்டைப் பிடித்திருக்கும் பழைய ரிவெட் ஆணியும் அது அசல் என்பதற்கு ஒரு சான்று. கழற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டு, ஒவ்வொரு படியையும் வீடியோ எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். தகட்டைப் பிடித்திருப்பது 3.2 மில்லிமீட்டர் பாப் ரிவெட் (நடுவில் துளையுள்ள ரிவெட்) என்றால் அதே அளவு டிரில் பிட்டை மெதுவான வேகத்தில் ஓட்டி, தலை பிரிந்ததும் நிறுத்த வேண்டும். ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பினால் துளையைச் சுற்றிக் கிழியும். வளைந்த தகட்டைச் சுத்தியலால் தட்டாமல் இரண்டு தேக்குப் பலகைகளுக்கு நடுவே துணி வைத்து கிளாம்பால் இறுக்குங்கள். அடியிலுள்ள இரும்பில் துரு நீக்கி, பிரைமரும் பெயின்டும் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே தகட்டைப் பொருத்தலாம். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானை அங்கே தடவாதீர்கள். அதிலிருந்து வரும் அசெட்டிக் அமிலம் உலோகத்தை அரிக்கும்.

பெயர் எழுத்துகளில் வண்ணம் போயிருந்தால் எனாமலைப் பள்ளத்தில் நிரப்பி, பத்து நிமிடம் கழித்து, டர்பன்டைன் லேசாகத் தொட்ட துணியை அட்டையில் இறுக்கிச் சுற்றி மேற்பரப்பை மட்டும் வழித்தெடுங்கள். எண்ணின் பள்ளத்தில் மட்டும் வண்ணம் நிரப்பாதீர்கள். விவரம் தெரிந்தவர் பார்த்ததும் போலித் தகடு என்றே நினைப்பார்.

வார்னிஷ் எதற்கு வேண்டாம் என்றால், அது இன்ஜின் சூட்டில் மஞ்சளாகி ஓரத்தில் உரியும். உள்ளே புகும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடியிலேயே அரிக்கும். கடலோர ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு) மிக மெல்லியதாகத் தடவித் துணியால் மெருகேற்றினால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம், எப்போது வேண்டுமானாலும் துடைத்தெடுக்கலாம். தகட்டுக்குப் பக்கத்தில் பிரேக் ஆயில் டப்பா இருக்கும் கார்களில் ஆயில் ஊற்றும் முன் தகட்டை மூடுங்கள். அது சிந்தினால் வண்ணம் ஊறி உரிந்துவிடும். பெயின்ட் அடிக்கும்போதும் மாஸ்கிங் டேப்பை நேராக ஒட்டாமல் பட்டர் பேப்பரை வைத்து அதன் மேல் ஒட்டுவது நல்லது.

அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்கு மட்டும் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். கட்டுரையைக் கத்தரித்துப் பட்டறையில் ஒட்டி வைப்பவர்கள் உண்டு.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்