'கோஸ்ட்' என்றால் பேய் மட்டுமன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில், 'கிவ் அப் தி கோஸ்ட்' என்னும் பழைய தொடருக்கு 'முயற்சியைக் கைவிடுதல்' என்று மட்டும் பொருள் தரப்பட்டிருந்தது. அது பின்னாளில் கிளைத்த பொருள். முதற்பொருள் உயிர் விடுதல். அதைச் சொல்லாமல் விட்டால், பழைய நூல்களைப் படிக்கும் மாணவர் இறந்துபோனவரைச் சோர்ந்து ஒதுங்கியவராகக் கருதிவிடுவார்.

பழைய ஆங்கிலத்தில் 'கோஸ்ட்' என்பது மூச்சையும் உயிரையும் குறித்தது. பரிசுத்த ஆவியை 'ஹோலி கோஸ்ட்' என்று வழங்கியதும் அதனால்தான். நம் 'ஆவி'யும் மூச்சு, உயிர், பேய் ஆகிய மூன்றையும் சுட்டுவதால், தமிழ் மாணவருக்கு இதை விளக்குவது மிக எளிது.

இத்தொடரை ஆங்கிலத்தில் நிலைபெறச் செய்ததில் 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்துக்குப் பெரும் பங்குண்டு. அதில் மாற்கு 15:37, யோவான் 19:30 ஆகிய இரண்டு இடங்களிலும் இயேசுவின் மரணம் இதே தொடரால் சொல்லப்படுகிறது. கிரேக்க மூலத்திலோ மாற்கு 'மூச்சை விட்டார்' என்றும், யோவான் 'ஆவியை ஒப்படைத்தார்' என்றும் வெவ்வேறு வினைகளை ஆள்கிறார்கள். நம் பழைய தமிழ் விவிலியம் 'ஜீவனை விட்டார்', 'ஆவியை ஒப்புக்கொடுத்தார்' என்று அந்த வேறுபாட்டைக் காத்திருக்கிறது. இவ்விடத்தில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் மொழிபெயர்ப்பே நுட்பமானது என்பது என் உறுதியான கருத்து. ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்திலும், கடலில் மூழ்குவதாகக் கண்ட கனவை விவரிக்கும் கிளாரன்ஸ், உயிர் பிரியாமல் தவித்ததைக் கூற 'யீல்ட் தி கோஸ்ட்' என்ற ஒத்த தொடரையே கையாள்கிறான்.

வழக்கு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இன்று இத்தொடர் பெரும்பாலும் பழுதாகி நின்றுபோன கார் எஞ்சினுக்கோ சலவை இயந்திரத்துக்கோதான் வருகிறது. ஆகவே, இலக்கியச் சாயல் இருக்கிறதே என்று நம்பி, ஒருவருடைய மறைவுக்கு எழுதும் இரங்கற்கடிதத்தில் இதைச் சேர்த்தால் கேலி செய்வதுபோல ஒலித்து, துயரத்தில் இருப்பவரைப் புண்படுத்திவிடும். அங்கே 'பாஸ்ட் அவே' என்பதே தகும்.

போட்டித் தேர்வுக்குப் படிப்போர் பலர் தங்கள் பகுதியை வெட்டி ஒட்டிவைத்துப் படிக்கிறார்கள். ஆகையால், முதற்பொருளையும் இந்த எச்சரிக்கையையும் அடுத்த இதழில் அதே பகுதியிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
பாளையங்கோட்டை.