தேவையை மறைக்காதீர்கள்: அயர்லாந்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோரே,

என் மகன் ஜூனியர் இன்ஃபன்ட்ஸ், அதாவது இங்கே தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பு, சேர்ந்த வருடம், கழிப்பறைக்குத் தனியாகப் போவானா என்று பள்ளியில் கேட்டார்கள். "போவான்" என்றேன். பொய். வீட்டில் நான்தான் கூடவே நின்று எல்லாம் செய்துவிடுவேன். ஐந்து வயதுப் பையனைப் பற்றி வெளியாளிடம் அதைச் சொல்ல நாக்கு வரவில்லை. அந்தப் பொய்யை அவன்தான் சுமந்தான். காலையில் தண்ணீரே குடிக்க மாட்டான். குடித்தால் பள்ளியில் போக வேண்டிவரும் என்று பயம். எனக்கு அது புரியவே பல மாதங்கள் ஆயின.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்குப் பள்ளியில் உதவியாளர் கேட்கும்போது நீங்களும் இதே தவறைச் செய்யக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எஸ்என்ஏ, அதாவது சிறப்புத் தேவை உதவியாளர், ஆட்டிசம் என்று அறிக்கை வந்தால் தானாகக் கிடைத்துவிடுவார் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. பணியிடம் பள்ளிக்குத்தான் ஒதுக்கப்படுகிறது, பிள்ளையின் பெயருக்கு அல்ல. கேட்க வேண்டியது பள்ளி, ஒதுக்குவது என்சிஎஸ்இ, அதாவது தேசிய சிறப்புக் கல்விக் கவுன்சில். அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது பராமரிப்புத் தேவையை. கல்வித் துறையின் 2014ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை அந்தத் தேவைகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: சாப்பிட உதவி, கழிப்பறை, நடமாட்டம், மருந்து கொடுப்பது, இன்னும் சில. தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்கு நடத்தைச் சிக்கல் இருந்தால் அதுவும் சேரும். பாடம் சொல்லித் தருவது அந்தப் பட்டியலில் கிடையாது, அது ஆசிரியரின் வேலை. ஆகவே "படிப்பில் பின்தங்குகிறான், எஸ்என்ஏ வேண்டும்" என்று மட்டும் கேட்டால் பள்ளியால் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். நாம் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிற விஷயங்கள்தான் அந்தக் கணக்கில் சேர வேண்டியவை. ஓர் உதவியாளரைப் பல பிள்ளைகள் பகிர்ந்துகொள்வது இங்கே வழக்கம். நாம் ஒளித்தால் பள்ளியின் கணக்கே குறைந்துபோகும், பக்கத்து மேசைப் பிள்ளைக்கும் நேரம் குறையும்.

பிள்ளையின் இயலாமையை அடுக்கிக் காட்டித்தான் உதவி பெற வேண்டும் என்ற முறை எனக்குப் பிடிக்கவில்லை. 2004ஆம் ஆண்டு எப்சென் சட்டம், அதாவது சிறப்புத் தேவையுள்ளவர்களின் கல்விக்கான சட்டம், அப்படிப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டத்தை உரிமையாகத் தரும் என்றார்கள். இருபது ஆண்டு கடந்தும் அந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வரவில்லை. அதற்காகக் குரல் கொடுப்போம், கட்டாயம் கொடுப்போம். ஆனால் சட்டம் மாறும்வரை பிள்ளை தாகத்தோடு உட்கார்ந்திருக்க முடியாதே.

சரி, என்ன செய்யலாம்? ஒரு வாரம் குறித்து வையுங்கள். எத்தனை முறை உதவி தேவைப்பட்டது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம், தனியாக விட்டபோது என்ன நடந்தது. "கொஞ்சம் கஷ்டப்படுவான்" என்று எழுதாதீர்கள். "பேன்ட் பொத்தானைப் போட முடியாது, தினமும் நான்கு முறை உதவ வேண்டும்" என்று எழுதுங்கள். அதை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள், தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். மறுப்பு வந்தால் மறுபரிசீலனை கேட்கலாமா என்று பள்ளியிடமே கேளுங்கள். அப்புறம், ஊரில் தெரிந்துவிடுமோ என்ற பயம். எனக்கும் இருந்தது. தெரிந்தது, ஒன்றும் ஆகவில்லை.

என் மகன் இப்போது காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புகிறான்.

அடுத்த கல்வியாண்டுக்கான ஒதுக்கீடு கோடை விடுமுறைக்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். தலைமை ஆசிரியரைத் தனியாகப் பார்க்கத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஓர் அம்மா