குதிரை ஆண்டு ஜனவரி முதல் தேதியில் பிறப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீனப் புத்தாண்டையொட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த சீன இராசிகள் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். பன்னிரண்டு விலங்குகளின் பெயர்களும் வரிசையும் சரியாகவே இருந்தன. ஆனால், உடன் அச்சிட்டிருந்த அட்டவணை 1990ஆம் ஆண்டு முழுவதையும் குதிரைக்குக் கொடுத்திருந்ததும், அவ்விலங்குகளை மேஷம், ரிஷபம் முதலிய இராசிகளுக்கு ஈடாகக் கட்டுரையாளர் வைத்திருந்ததும் பிழைகள். இரண்டாவதுதான் பெரிய பிழை.

1990இல் சீனப் புத்தாண்டு ஜனவரி 27ஆம் தேதி வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னர், ஜனவரி 20 காலை எட்டே முக்காலுக்குப் பிறந்த என் மகள் குதிரை அல்லள், பாம்பு. சாதகம் கணிக்கும் சீனர்களுள் பெரும்பாலோர் புத்தாண்டு நாளைக்கூட எல்லையாகக் கொள்வதில்லை. சூரியனின் ஓராண்டு ஓட்டத்தை இருபத்துநான்காகப் பகுத்து, அவற்றுள் பிப்ரவரி 4ஐ ஒட்டி வரும் ‘லிச்சுன்’ என்னும் வசந்தத் தொடக்கத்தையே ஆண்டுப் பிறப்பாகக் கொள்வர்.

எங்கள் தெருக்கோடியில் சீன மருந்துக்கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் அவளுடைய பிறந்த நேரத்தை ஒருமுறை சொன்னேன். பாம்பு என்று சொல்லிவிட்டுப் பொட்டலம் கட்டப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ கல்லாப்பெட்டிக்கு மேலே சிவப்புக் கயிற்றில் தொங்கிய பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டி, மருந்து மடிக்கும் தாளின் பின்புறத்தில் பென்சிலால் எட்டு எழுத்துகளை நான்கு பத்திகளாக எழுதினார். ஆண்டுக்கு மண்ணும் பாம்பும், மாதத்துக்கு நெருப்பும் எருதும், நாளுக்கு மரமும் சேவலும், நேரத்துக்கு உலோகமும் டிராகனும் வந்தன. பிறகு நாள் பத்தியின் மேல் எழுத்தில் விரலை வைத்து, உங்கள் மகள் என்பவள் இந்த மரம்தான் என்றார். பாம்பும் எருதும் சேவலும் ஒன்றுகூடினால் உலோகம் ஓங்கும், உலோகம் மரத்தை வெட்டும், ஆகவே இடையில் தண்ணீர் வேண்டும் என்பது அவர் கண்ட பலன். பலனை நான் நம்புகிறேனா என்பது வேறு பேச்சு. அட்டவணை பெரிதுபடுத்தும் ஆண்டு விலங்கு அந்த எட்டில் ஒரே ஓர் எழுத்துதான் என்பதை அன்று கண்டுகொண்டேன்.

அந்த எழுத்துகள் விலங்குகளைவிட மிகப் பழையவை. ஒவ்வொரு பத்தியிலும் மேல் எழுத்து ‘வான் தண்டு’, கீழ் எழுத்து ‘நிலக் கிளை’; விலங்கு கிளைக்கு உரியது. ‘வான் தண்டுகள்’ பத்தையும் ‘நிலக் கிளைகள்’ பன்னிரண்டையும் இணைத்து அறுபது அறுபதாக நாள்களை எண்ணும் முறை, ஹெனான் மாநிலத்து ஆன்யாங்கில் கிடைத்த ஷாங் மரபு அரசர்கள் குறி கேட்ட எலும்புகளிலேயே உள்ளது. அவை மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றில் கிளைகளுக்கு விலங்கு எதுவும் இல்லை. 1975இல் ஹூபெய் மாநிலத்து ஷுய்ஹுடியில், கி.மு. 217ஐச் சேர்ந்த கல்லறை ஒன்றில் கிடைத்த மூங்கில் சுவடிகளில் விலங்குகள் வருகின்றன. ஆனால் இன்று குதிரைக்குரிய ‘வூ’ என்னும் கிளையில் அங்கே மான் நிற்கிறது. குதிரை அடுத்த கிளையில் இருக்கிறது. குதிரையின் குணம் இன்னது என்று அடித்துச் சொல்பவர்கள் இதையும் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

ஆக, விலங்கு என்பது கிளைக்குப் பிற்காலத்தில் இட்ட அடையாளமே. ‘ஸி’ என்னும் முதல் கிளை நள்ளிரவு, வடதிசை, நடுக்குளிர்காலம் மூன்றையும் குறிக்கும். எலி பின்னர் வந்து அதில் ஏறிக்கொண்டது. நம் இராசி விண்ணில் உள்ள ஒரு பகுதி. அதில் இன்ன கிரகம் நிற்கிறது என்று பார்த்துப் பலன் சொல்கிறோம். எட்டெழுத்துச் சாதகத்திலோ எந்தக் கிரகத்தின் இருப்பையும் பார்ப்பதில்லை. நாள்காட்டியே அங்கே சாதகம். வியாழன் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளில் வானை ஒருமுறை சுற்றுவதைப் பண்டைச் சீனர்கள் அறிந்திருந்தனர். எனினும், அது செல்லும் திசை கிளைகளின் வரிசைக்கு எதிராக இருந்ததால், எதிர்த்திசையில் செல்லும் ‘தாய்சுய்’ என்ற கற்பனைக் கோளை வைத்தே ஆண்டுகளை எண்ணினர். நம் பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபதும் வியாழனோடு தொடர்புடையதுதான்; ஆனால் தொடங்கும் இடம் வேறு. அவர்களுடைய நடப்புச் சுற்று 1984இலும் நம்முடையது 1987இலும் தொடங்கியதால், 2026 அவர்களுக்கு நாற்பத்துமூன்றாவது ஆண்டு, சித்திரையில் பிறக்கும் பராபவ நமக்கு நாற்பதாவது.

கட்டுரையாளர் சீனர் அனைவரும் இந்த விலங்குச் சோதிடத்தை ஐயமின்றி ஏற்றதாக எழுதியிருப்பதும் சரியன்று. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே வாங் சுங் என்ற அறிஞர், எலி நீர் என்றும் குதிரை நெருப்பு என்றும் சொல்கிறீர்களே, நீர் நெருப்பை வெல்லும் என்றால் எலி ஏன் குதிரையைத் துரத்துவதில்லை என்று கேட்டுவிட்டார்.

அட்டவணையை மீண்டும் வெளியிடுவதாயின், ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிரே அவ்வாண்டின் சீனப் புத்தாண்டுத் தேதியையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். குதிரை ஆண்டு பிறக்கும் 2026இல் அது பிப்ரவரி 17. ஜனவரியில் பிறந்த பேரக்குழந்தைக்குக் குதிரைப் பதக்கம் வாங்க எண்ணியிருப்பவர்களுக்கு அந்த ஒரு வரி உதவும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பினாங்கு.