ஒரு மாதம்கூட விடாதே

அன்பு மகனுக்கு,

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் வெப்பக் கட்டணம் கட்டியாயிற்று. நவம்பர் 1ஆம் தேதி குழாய் சூடாகிவிடும், எங்களை நினைத்துக் கவலைப்படாதே. அம்மா முட்டைக்கோஸைப் பானையில் ஊறப் போட்டுவிட்டாள். மேலே வைக்கும் கல்லை இந்த வருடமும் நான்தான் தூக்கினேன்.

செய்தி பார்த்திருப்பாய். 2025 ஜனவரி முதல் ஓய்வு வயதைப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். உன் வயது ஆண்களுக்கு இனி 60 இல்லை, 63. ஓய்வூதியம் வாங்க 15 வருடம் கட்டினால் போதும் என்றிருந்ததையும் 2030இலிருந்து படிப்படியாக 20 ஆக்குகிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், சமூகக் காப்பீட்டை ஒரு மாதம்கூட விடாதே. எதிர்வீட்டுக்காரர் மகன் இப்போது தன் கையிலிருந்தே கட்டுகிறான். கம்பெனி இல்லாதவர்களும் அப்படிக் கட்டலாம். ஓய்வூதியத்துக்கு இடையில் விட்டுப்போனாலும் பழைய வருடங்கள் கணக்கில் நிற்கும். மருத்துவக் காப்பீடு அப்படியில்லை, கட்டாமல் விட்டால் சலுகை நின்றுவிடும். உன் வயிற்றுப் புண் வேறு இருக்கிறது.

போன புதன்கிழமை மதியம் வீசாட்டில் பேசினாயே, உனக்குப் பின்னால் மரமும் பூங்கா பெஞ்சும் தெரிந்தன. ஷென்ஜென் அலுவலகங்களில் இப்படியெல்லாம் வசதி இருக்கிறது பார் என்றாள் அம்மா. நானும் ஆமாம் என்றேன்.

நீ பிறந்த 1986இல் நம் ஷென்யாங்கில் வெடிப்புத் தடுப்புக் கருவி ஆலை திவாலானது. மக்கள் சீனத்திலேயே அதுதான் முதல் திவால். அது கூட்டுடைமை ஆலை, நம்முடையது அரசு ஆலை, நமக்கெல்லாம் வராது என்று நம் டியேஷி ஆலைப் பகுதியில் பேசிக்கொண்டோம். வீடு, குழந்தைகள் காப்பகம், மருத்துவமனை, குளியலறைச் சீட்டு வரை ஆலைதானே கொடுத்தது! அப்புறம் 'பெரியதைப் பிடி, சிறியதை விடு' என்றார்கள், பெரிய ஆலைகளை அரசு வைத்துக்கொண்டு சிறியவற்றைக் கைவிடுவதாம். விடப்பட்ட பக்கம் நாங்கள். 1998இல் என் பெயர் ஆலைப் பட்டியலில் இருந்தது, வேலை செய்ய லேத் இல்லை. அந்தச் சில வருடங்களில் நாடு முழுக்க 2 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இதே கதை. டியேஷியில் யாரும் யாரையும் எங்கே வேலை என்று கேட்பதில்லை.

நான் மூன்று சக்கர வண்டி மிதித்தேன். நம்மூர் வண்டியில் பெட்டி முன்னால், மிதிப்பவன் பின்னால். ஏறியவர் நம் முகத்தைப் பார்க்க மாட்டார், அது ஒரு நிம்மதி. உன் பள்ளித் தெரு வந்தால் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்வேன். நீ எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறியதை நான் பார்த்தேன். நான் பார்த்தது உனக்கும் தெரியும். இதுவரை நாம் அதைப் பேசியதில்லை. நான் பேசாதது கோபத்தால் இல்லை, எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

நம் தெருவிலிருந்து ஷென்ஜென் போய் வீடு வாங்கியவன் நீ ஒருவன்தான். இன்றும் கேட்காதவர்களிடம்கூட அம்மா சொல்கிறாள். ஆனால் பணம் மட்டும் 5ஆம் தேதி தவறாமல் வந்துவிடுகிறது, பேச்சு வருவதில்லை. மருமகளும் முன்போல் அழைப்பதில்லை. சரி, அவளுக்கு என்ன வேலையோ.

இந்த மாதம் பணம் அனுப்பாதே. என் ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது. அன்று உன் பெரியம்மாவிடம் கைநீட்டி அம்மா என் பெயரில் கட்டியதுதான் இன்று சோறு போடுகிறது. அதனால் திரும்பவும் சொல்கிறேன், காப்பீட்டை விடாதே. அம்மாவின் பச்சை டப்பாவை இந்த வருடம் திறக்கவே இல்லை. உனக்குத்தான் அந்தக் கணக்கு தெரியுமே.

புத்தாண்டு வசந்த விழா நெருங்கினால் டிக்கெட் கிடைக்காது. அதற்கு முன்பே, சாதாரண நாளில்கூட வரலாம். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். வேலை அதிகம் என்றால் வேண்டாம்.

அப்பா